கூப்பிட்ட பருத்தி

ஆவாரங்குளத்தில் பருத்தி கூப்பிட்ட வருஷம் எது என்று கேட்டால் ஊரில் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் அது யாரும் கம்பு விதைக்காத வருஷம். கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா என்ற தேசத்தில் வடக்கத்தியானும் தெற்கத்தியானும் ஒருத்தனையொருத்தன் சுட்டுக்கொண்டதில், அங்கிருந்து சீமை மில்லுகளுக்குப் போகிற பருத்தி நின்றுபோய், நம்முடைய நாட்டுப் பருத்திக்கு என்றைக்கும் இல்லாத கிராக்கி வந்து, கம்பும் சோளமும் விளைந்த கரிசலையெல்லாம் பருத்திக்கே உழுது போட்டிருந்தோம். அங்கே இழவு விழுந்தால் இங்கே விலை ஏறும் என்று தரகர்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டு நின்றோமே தவிர முகம் சுளிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிற்பாடு எங்களை ரொம்ப நல்லவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஐப்பசியில் விதைத்தது மாசிக் கடைசியில் வெடித்தது. முதல் நாள், இலைச்சருகு நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டாமல் இருப்பதற்காக, பனி காயும் முன்னே, கிழக்கு வெளுத்தும் வெளுக்காமலும் இருக்கும்போதே பெண்கள் பெத்தணசாமி நாயக்கரின் புஞ்சையில் இறங்கி, ஆளுக்கொரு நிரை பிடித்து, சேலையை மடியாகக் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, பேராச்சி, முதல் காயிலிருந்து பஞ்சுச் சுளையைப் பிடுங்கினாள். சுளை கூப்பிட்டது.

ஓர் ஆண் குரல். பெரிய சத்தமில்லை, வாசலில் நிற்கிறவன் வீட்டுக்குள் இருக்கிறவர்களைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் இருந்தது. பாஷை தெரியவில்லை. பக்கத்து நிரையில் எடுத்த சுளையும் கூப்பிட்டது, அது இன்னும் இளைய குரல், அதற்கடுத்த நிரையில் இருமலோடு ஒரு குரல், இப்படியே புஞ்சையின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரைக்கும் கை பட்ட காயெல்லாம் கூப்பிட, நாற்பது பெண்களும் கையை எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

யாரும் ஓடவில்லை, யாரும் பதில் சொல்லவும் இல்லை. எங்கள் பக்கத்தில் கருக்கலில் ஒரு குரல் கூப்பிட்டால் அது மூன்றாவது தரம் கூப்பிடும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. முனி இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாவதற்கு அதற்கு மூச்சு கிடையாது, இரண்டுக்குள் பதில் சொல்லிவிட்டால் சொன்னவரின் உயிரைக் குரலோடு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுவோம். அதனால் பெண்கள் மூன்றாவது அழைப்புக்குக் காத்திருந்தார்கள். பருத்தி ஒருதரம்தான் கூப்பிட்டது. சரி, இது முனி வேலைதான் என்று தீர்மானித்து, வாயை இறுக மூடிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தார்கள், மூன்று நாள் அப்படியே எடுத்தார்கள்.

அந்த நாற்பது பேரில் வெள்ளத்தாய் மட்டும் எடுத்த சுளையை உடனே மடியில் போடாமல், மறுபடி கூப்பிடுமா என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். காரணம் ஊருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் சங்கிலி, தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலில் ஏறப்போகிறேன் என்று சொல்ல, போனால் எனக்கு மகனே இல்லை என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் எட்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஒன்பதாம் நாள் கருக்கலில், ஊர் எழும்பும் முன்னே, வேலிக்கு வெளியே நின்று யாரோ 'ஆத்தா' என்றார்கள். மகன் குரல் மாதிரி இருந்தது, ஆனால் முனியும் மகன் குரலில்தானே கூப்பிடும். அவள் வேலிப் படலில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தரமும் 'ஆத்தா' என்று கேட்டது. மூன்றாவதற்கு அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், அது வரவே இல்லை. வெயில் வந்தபிறகு, அவனைச் சாலை வரைக்கும் ஏற்றிப்போன வண்டிக்காரன் திரும்பி வந்து, ஆத்தாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, கூப்பிட்டேன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை என்று பையன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததாகச் சொன்னான். கப்பலில் கூடப் போனவர்களில் ஒருத்தன் மறுவருஷம் திரும்பி வந்து, சங்கிலி அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கினவன் மறுபடி ஏறவில்லை என்றான். அதோடு சரி.

நான்காம் நாள் நாயக்கர் வீட்டு முற்றத்தில் குவித்திருந்த பருத்தியை வண்டியில் ஏற்றப் போனார்கள். ஏற்ற முடியவில்லை. ஒரு கூடையை இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. எப்படியோ பாதி வண்டி ஏற்றி மாட்டைப் பூட்டினால் மாடு முன்னங்காலை மடித்துப் படுத்துக்கொண்டது, சற்று நேரத்தில் அச்சு முறிந்தது. பனி ஈரமாக இருக்கும் என்று இரண்டு நாள் வெயிலில் உலர்த்திப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு இன்னும் கனத்தது. முற்றத்துத் தரை ஒரு சாண் அமுங்கிவிட்டதைப் பார்த்துத்தான் நாயக்கர் பயந்தார், ஆள் அனுப்பி உபதேசியார் வேதமாணிக்கத்தைக் கூட்டிவரச் சொன்னார். மிஷன் பங்களாத் துரை படித்து முடித்த பத்திரிகைகளை உபதேசியார் வாங்கிப் படிப்பவர், இங்கிலீஷ் தெரிந்தவர்.

உபதேசியார் புஞ்சைக்குப் போய், வரப்பில் குனிந்து, தானே ஒரு சுளையைப் பிடுங்கினார். பிறகு இன்னொன்று. இருபது முப்பது சுளை பிடுங்கின பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் சொன்னதை நாங்கள் அப்படியே ஞாபகத்தில் வைத்திருக்கிறோம். போன புரட்டாசியில், நாம் விதைக்கிறதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னே, அன்டீட்டம் என்கிற ஓர் ஓடைக்கரையில் இரண்டு பட்டாளமும் மோதிக்கொண்டன, விடிகாலையில் ஒரு சோளக்காட்டில் ஆரம்பித்தது, பொழுது சாயும் முன்னே செத்தவர்களும் குற்றுயிரானவர்களுமாக இருபதினாயிரத்துக்கும் மேலே விழுந்துவிட்டார்கள், ஆள் உயரம் நின்ற சோளத்தட்டை அரிவாளால் அறுத்த மாதிரி அடியோடு போய்விட்டது என்று பத்திரிகையில் போட்டிருந்தது, ஒரு சுளை அந்த ஓடையின் பேரையே சொல்லிக் கூப்பிட்டது, இந்தக் குரல்கள் அவர்களுடையவை. என்ன சொல்கிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். பாதிக்கு மேலே அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்றார். சிலர் பெண்டாட்டி பேரை, சிலர் தண்ணீர், ஒருத்தன் ஒரு குதிரையின் பேரை.

"இத்தனை நாளா நாம பதில் சொல்லலையே," என்றாள் வெள்ளத்தாய்.

வேறு யாரும் ஒன்றும் சொல்லும் முன்னே அவள் நாயக்கர் வீட்டை நோக்கி நடந்தாள். முற்றத்தில் பருத்திக் கும்பலின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு சுளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு மருமகள்கள் எல்லாம் பார்க்கப் பார்க்க, "ஏன்யா" என்றாள். பிள்ளை கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் ஆத்தா கொடுக்கிற பதில் அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. சுளை லேசாகி, அவள் மூச்சுக் காற்றிலேயே அசைந்தது. அதை இந்தப் பக்கம் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அன்று மத்தியானத்துக்குள் ஊரே கும்பலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. பெண்கள், ஆம்பிளைகள், பல் முளைக்காத பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், நாயக்கர் வீட்டுக்குள் அதற்கு முன் கால் வைக்க விடப்படாதவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, ஒரு சுளை, ஒரு 'ஏன்யா', ஒரு சுளை, ஒரு 'ஏன்யா' என்று சொல்லச் சொல்ல, கனத்த கும்பல் ஒரு பக்கம் குறைந்து லேசான கும்பல் மறுபக்கம் உயர்ந்து, அதிலிருந்து நான்காம் நாள் பொழுது அடையும்போது அமுங்கின முற்றம் மறுபடி சமமானது. இங்கே இருந்து சொல்கிற பதில் அங்கே கேட்குமா, கேட்டாலும் இத்தனை மாதம் கழித்துக் கேட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்ட புத்திசாலிகளும் இருந்தார்கள். அவர்களையும் பிடித்து உட்காரவைத்தோம்.

அதற்குப் பிறகு காட்டில் எடுக்கும்போதே பதில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. பத்து நாளில் அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. பெண்கள் தங்களுக்குள் புருஷன் கொடுமை, மாமியார் பேச்சு என்று பேசிக்கொண்டே நடுநடுவே 'ஏன்யா' சொன்னார்கள். இருமல்காரன் குரல் வந்தால் 'மெதுவாய்யா' என்று சேர்த்துக்கொண்டார்கள். குதிரையைக் கூப்பிடுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று குழப்பம் வந்தபோது, வண்டிமாட்டை அதட்டுகிற சத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் போதுமானதாக இருந்தது.

பெரிய தகராறு அம்மன் கோயில் திருவிழாவான பங்குனிக் கொடைக்கு வந்தது. சாகிறவன் குரலைக் கேட்டால் தீட்டு உண்டா இல்லையா, உண்டென்றால் இருபதினாயிரம் பேருக்கும் தனித்தனித் தீட்டா மொத்தத் தீட்டா, தனித்தனி என்றால் நம் பேரன் பேத்தி காலத்திலும் அம்மனுக்குக் கொடை நடக்காதே என்று ஊர் மந்தையில் இரண்டு நாள் பேசினார்கள். பங்காளி செத்தால்தான் தீட்டு, வெள்ளைக்காரன் நமக்கு எந்த வகையில் பங்காளி என்று ஒரு கட்சி கேட்டது. அவன் இழவில் விலை ஏறும்போது பங்கு வாங்கிக்கொண்டோமே, அந்த வகையில்தான் என்று பூசாரி சொன்னதும் அந்தக் கட்சி உட்கார்ந்துவிட்டது. கடைசியில் எல்லோருக்குமாகச் சேர்த்து ஊரே ஒரு தலைமுழுக்குப் போட்டுவிட்டுக் கொடையை நடத்தினோம். அந்த வருஷம் மேளம் வைக்கவில்லை.

பேராச்சி மட்டும் பதில் சொல்லவில்லை. அவர்கள் எதற்காக வெட்டிக்கொள்கிறார்கள் என்று உபதேசியாரிடம் அவள்தான் கேட்டாள், அந்த ஊரில் பருத்தி எடுக்கிறவர்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள், வைத்திருக்கலாம் என்று ஒரு பட்டாளமும் கூடாது என்று இன்னொரு பட்டாளமும் சண்டை என்று அவர் சொன்னார். பேராச்சியின் தாயை நிலத்தோடும் நிலத்தில் நின்ற இரண்டு புளியமரத்தோடும் சேர்த்து விற்று எழுதிக்கொடுத்த ஓலை இன்னும் யார் வீட்டுப் பரணிலோ இருக்கிறது. அன்றையிலிருந்து அவள் மடியில் பருத்தி கனத்தது, அவள் அதைக் கனமாகவே சுமந்தாள். எந்தக் குரல் எந்தப் பக்கம் என்று பார்த்தா சொல்ல முடியும், சாகிற நேரத்தில் எல்லாம் பிள்ளைகள்தானே என்று மற்றவர்கள் அவளிடம் கெஞ்சினார்கள்.

"விலைக்குப் போனவளும் ஆத்தாவைக் கூப்பிட்டுத்தான் செத்திருப்பா," என்றாள் பேராச்சி. "அவ குரல் எந்தக் காயில இருக்கு, காட்டுங்க. அதுக்குச் சொல்லுதேன்."

அவள் எடுத்த பருத்தியைத் தனியாகவே குவித்தார்கள். அவளுக்காக வேறு பெண்கள் பதில் சொல்ல வந்தபோது அவள் விடவில்லை, கொஞ்சம் பாரம் இருக்கட்டும், எல்லாம் லேசாகப் போய்விட்டால் வாங்குகிறவனுக்கு என்ன தெரியும் என்றாள். நாயக்கர் முதலில் குதித்தார், பிறகு நான்கு மாடு பூட்டி அனுப்பினார். தூத்துக்குடியில் அந்த ஒரு பொதியை எட்டுப் பேர் தூக்கித் தோணியில் வைத்ததாகவும், தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனதாகவும் கேள்வி.

சித்திரை பிறந்தது. எல்லாக் காடும் எடுத்தாகிவிட்டது, வெள்ளத்தாயின் துண்டு நிலத்தைத் தவிர. நாயக்கரிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குப் பிடித்த அரைக்குறுக்க நிலம் அது, ஓடைக்கரை ஓரம். அதை அவள் தொடவே இல்லை. ஊரார் பருத்திக்கெல்லாம் ஓடி ஓடிப் பதில் சொன்னவள், தன் காட்டில் காய் வெடித்து வெள்ளை வெளேரென்று தொங்குவதை வரப்பிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். காரணத்தை அவளாகச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினவன் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கியிருந்தால், அந்தச் சோளக்காட்டில் நின்றிருந்தால், ஒரு காயில் அவன் குரல் இருக்கும். இத்தனை காட்டிலும் தமிழ்க் குரல் ஒன்றுகூட வரவில்லை. மீதி இருப்பது இந்த அரைக்குறுக்கம்தான். எடுக்காதவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான்.

ஆனால் வடமேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. கோடை மழை ஒன்று அடித்தால் பஞ்சு கறுத்து மண்ணில் விழுந்து மக்கிப்போகும். பருத்தி போனால் போகிறது என்றுதான் அவள் முதலில் இருந்தாள். மழைக்காற்று வீசின காலையில் அவளுக்கு வேறொரு பயம் வந்தது. அவன் குரல் அந்தக் காட்டில் இருந்து, எடுக்காமலே மழையில் விழுந்து மண்ணோடு போனால், இன்னொரு தரமும் அவனுக்கு அவள் பதில் சொல்லாமல் போவாள். ஒரு தரம் செய்ததை மறுதரமும் செய்தால் அவள் எதற்கு ஆத்தா. மடியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். பேராச்சி கேட்காமலே பின்னால் வந்து அடுத்த நிரையைப் பிடித்தாள்.

ஒவ்வொரு காயும் கூப்பிட்டது. கூப்பிட்டதெல்லாம் அந்நியக் குரல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெள்ளத்தாய்க்கு உயிர் போய், ஒவ்வொன்றுக்கும் 'ஏன்யா' சொல்லி உயிர் வந்தது. இது மகன் குரல் இல்லை என்கிற சந்தோஷத்தில் சொல்கிற பதில், செத்த பிள்ளைக்கு ஒட்டுமா என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பேராச்சி தன் வழக்கப்படி வாய் திறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தாள், எடுத்ததைக் கனக்கக் கனக்க வரப்பில் வெள்ளத்தாய்க்காகக் குவித்து வைத்தாள். மேகம் தலைக்கு மேல் வரும்போது எல்லா நிரையும் முடிந்து, ஓடைக்கரைச் செடியில் ஒரே ஒரு காய் நின்றது.

வெள்ளத்தாய் சுளையைப் பிடுங்கினாள். அது கூப்பிடவில்லை.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். காற்று நின்று, தவளை கத்தி, முதல் தூறல் கரிசலில் விழுந்து வாசம் கிளம்பியும் சுளை வாய் திறக்கவில்லை. பேராச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது, அந்த மாசியிலிருந்து அவள் முகம் மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பாருங்க மதினி, பேசல. உங்க மவன் உசுரோட இருக்கான்."

வெள்ளத்தாய் சுளையைப் பேராச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். பேராச்சியின் கை தடுமாறிக் கீழே இறங்கியது. மறுகையையும் கொடுத்துத் தாங்கினாள், அப்போதும் தாங்கவில்லை, அதோடு சேர்ந்து மண்ணில் மண்டியிட்டாள். பதில் கிடைக்காத சுளைகளை ஒரு மாதத்துக்கும் மேலே சுமந்தவள் அவள், அந்தக் கனங்களெல்லாம் அவளுக்குத் தெரியும். இது அவற்றில் எதையும் போல இல்லை, மூன்று வருஷக் கனம்.

"ரெண்டு தரம் கூப்பிட்டும் ஏன்னு கேக்காத ஆத்தாவை," என்றாள் வெள்ளத்தாய், "ஏளா, எந்தப் பிள்ளை மூணாந்தரம் கூப்பிடுவான்?"

அவளும் மண்ணில் உட்கார்ந்து சுளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். "ஏன்யா," என்றாள். சுளை அசையவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க, படலுக்கு இந்தப் பக்கம் நின்று வேலிக்கு வெளியே கேட்கிற மாதிரி, "ஏன்யா" என்றாள். பாதி கனம் குறைந்தது. அவன் கூப்பிட்டது இரண்டு தரம்தான், இரண்டுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. மீதி எதற்கு நிற்கிறது என்று அவளுக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. தூறல் வலுத்து முதுகெல்லாம் நனைந்த பிறகுதான் விளங்கியது.

"சங்கிலி," என்றாள். "எய்யா, சங்கிலி. வா."

அவள் கூப்பிட்டதும் அது லேசாகியது. மழையில் நனைந்த பஞ்சு எங்கேயாவது லேசாக இருக்குமா, இருந்தது. அவள் அதைப் பெருமழை வரும்வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், ஒப்பாரி பாடவில்லை, பேச்சில்லாமல் அழுதாள். பிறகு மற்றச் சுளைகளோடு மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வரப்பில் பேராச்சி தான் எடுத்துக் குவித்த கும்பலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அன்றைக்கும் அவள் 'ஏன்யா' சொல்லவில்லை. ஆனால் அந்தக் கனத்தையெல்லாம் ஒரு கூடைகூட மீதி வைக்காமல் தானே வெள்ளத்தாய் வீட்டுக்குச் சுமந்து கொண்டுவந்து சேர்த்தாள்.

அந்த யுத்தம் பிறகு எப்படி முடிந்தது, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் உபதேசியார் சொல்லித்தான் தெரிந்தது. மறுவருஷப் பருத்தி கூப்பிடவில்லை, அதற்கு மறுவருஷமும் இல்லை. விலையும் இறங்கிவிட, நாங்கள் பழையபடி கம்பு விதைத்தோம்.

அந்த வருஷம் பிடித்த பழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. எங்கள் ஊரில் கருக்கலோ உச்சிப்பொழுதோ, எந்த வாசலில் யார் கூப்பிட்டாலும் முதல் அழைப்புக்கே பதில் சொல்லிவிடுவோம், பாஷை தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவோம், பெரும்பாலும் நாலு வீட்டிலிருந்து சேர்ந்தே பதில் வரும். சம்பந்தம் பண்ண வருகிற பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய், முனி கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். முனியும் கூப்பிட்டுத்தான் இருக்கிறது. அப்படிப் பதில் சொல்லி ஏழெட்டுப் பேர் அதோடு போயிருக்கிறார்கள், முதலில் போனவள் வெள்ளத்தாய்.